லாரிக்குள் எது, கிளவுடில் எது: சரக்கு வண்டிகளுக்கு எட்ஜ் அமைப்பு கட்டும் வழி

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி தாண்டி திம்பம் ஏறும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை என்பதால் பல இடங்களில் சிக்னல் கிடையாது. கொங்குப் பக்கத்திலிருந்து மைசூருக்கு லோடு ஏற்றிப் போகும் பல லாரிகளுக்கு இதுதான் வழி. முழுப் பாரத்தோடு ஒரு லாரி அந்த ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும்போது ரேடியேட்டர் தண்ணீர் சூடேற ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவனித்து டிரைவரிடம் சொல்ல வேண்டிய மென்பொருள் எங்கே ஓட வேண்டும்? மும்பையில் இருக்கும் சர்வரிலா (கிளவுட்), டேஷ்போர்டுக்குக் கீழே திருகி வைத்திருக்கும் பெட்டியிலா (எட்ஜ்)?

கேள்வியை இப்படிக் கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சந்தையில் விற்கும் பல அமைப்புகளில் பெட்டி வெறும் தபால்காரர்தான். கிடைத்ததையெல்லாம் மேலே அனுப்பும், முடிவெடுப்பது முழுக்க கிளவுட். கொங்குப் பகுதி லாரி உரிமையாளர்களுக்கு இந்த மாதிரி அமைப்புகளைக் கட்டிக்கொடுப்பது என் வேலை. என் நிலைப்பாடு ஒன்றுதான்: வண்டி தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் டிரைவருக்குச் சொல்ல வேண்டியதை அது சொல்லிவிட வேண்டும். எல்லா வண்டிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற விஷயங்களுக்குத்தான் கிளவுட். லினக்ஸும் கொஞ்சம் சர்வர் வேலையும் தெரிந்தவர்கள் அதை எப்படிக் கட்டலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

படம் வரைய உட்காரும் முன், இந்த அமைப்பு செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள். இந்த முடிவு எவ்வளவு நேரம் தாமதிக்கலாம்? இரண்டு மணி நேரம் சிக்னல் இல்லாவிட்டாலும் இது நடந்தாக வேண்டுமா?

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். 4ஜி நன்றாகக் கிடைக்கும் இடத்தில் சர்வருக்குப் போய்த் திரும்ப நூறு மில்லிநொடிக்குள்ளும் ஆகலாம். டவர் மாறும் இடத்தில் பல நொடிகளும் ஆகலாம். மலையில் பதிலே வராமலும் போகலாம். கணக்கில் எடுக்க வேண்டியது அந்தக் கடைசி நிலையைத்தான். டிரைவர் கண் அசந்ததைக் கேமரா கண்டுபிடிப்பது, எஞ்சின் சூடு, குளிர்சாதனப் பெட்டி வண்டியில் கதவு திறந்தே கிடப்பது ஆகியவை எல்லாம் வண்டிக்குள்ளேயே முடிய வேண்டிய வேலைகள். பிரேக், ஏபிஎஸ் போன்றவற்றுக்கு வண்டித் தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் நாம் போகவே கூடாது.

"என் வண்டி இப்போ எங்கே?" என்று ஓனர் பார்ப்பது ஒரு நிமிடம் பிந்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. அது கிளவுடுக்கு. ஒரே சாலையில், ஒரே பாரத்தில், ஒரு வண்டி மட்டும் ஏன் அதிக டீசல் குடிக்கிறது என்பதும் கிளவுடுக்குத்தான். தனி வண்டிக்கு மற்ற வண்டிகளைப் பற்றி எதுவும் தெரியாதே.

சில வேலைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டீசல் திருட்டு நல்ல உதாரணம். டேங்கில் டீசல் அலம்புவதால் மட்டக் கருவியின் எண் ஓடும் வண்டியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சமன் செய்து, சாவி அணைந்த நிலையில் மட்டம் இறங்கினால் கண்டுபிடிப்பது பெட்டியின் வேலை. பங்க் பில்லோடு ஒப்பிட்டு, நிரப்பியதாகச் சொன்ன லிட்டர் உண்மையில் டேங்குக்குள் போனதா என்று பார்ப்பது கிளவுடின் வேலை. திம்பம் பாதையில் இருக்கும் இரவுப் போக்குவரத்துத் தடையையும் இப்படியே பிரிக்கலாம். எந்தச் சாலையில் எந்த நேரம் தடை என்ற விதிக் கோப்பு கிளவுடிலிருந்து வரட்டும். "இந்த வேகத்தில் போனால் செக்போஸ்ட் மூடும் முன் போய்ச் சேர மாட்டோம்" என்று கணக்குப் போட்டு டிரைவரிடம் சொல்வது பெட்டியாக இருக்கட்டும்.

வண்டியின் பேச்சைக் கேட்பது

லாரியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேன் பஸ் என்ற இரட்டை வயரில். பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட நுட்பம் இது. கனரக வண்டிகளில் அதன் மேல் ஜே1939 என்ற மொழி ஓடும். வேகம் பெரும்பாலும் நொடிக்கு 250 கிலோபிட். உங்கள் பெட்டியின் கேன் சிப்பைக் 'கேட்க மட்டும்' நிலையில் வையுங்கள். மென்பொருள் அமைப்பில் மட்டும் வைத்தால் போதாது. சிப்பின் அனுப்பும் காலையே (Tx பின்) பலகையில் இணைக்காமல் விட்டுவிடுவது இன்னும் நல்லது. ஏன் என்பது பாதுகாப்புப் பகுதியில் வருகிறது.

இணைக்கும் முன் மல்டிமீட்டரை எடுத்து, வண்டி அணைந்திருக்கும்போது இரண்டு கேன் வயர்களுக்கும் இடையே அளந்து பாருங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாகச் சேர்ந்து தரும் மதிப்பு அது. உங்கள் பெட்டிக்குள்ளும் 120 ஓம் தடை ஒன்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். மூன்றாவது தடை சேர்ந்தால் 40 ஓம் ஆகிவிடும். பஸ் சில நாள் ஓடும், சில நாள் தகராறு செய்யும். அப்புறம் பழி முழுக்க உங்கள் பெட்டி மேல்தான், அது நியாயமும்கூட.

ஒரு செய்தியைக் கிட்டத்தில் பார்ப்போம். எஞ்சின் சுழற்சி வேகம் வருவது 61444 என்ற எண்ணுள்ள செய்தித் தொகுப்பில். எட்டு பைட்டுகளில் நான்காவதும் ஐந்தாவதும் நமக்கு வேண்டியவை. நான்காவது 128, ஐந்தாவது 37 என்று வந்தால், சிறிய பைட் முதலில் வரும் முறை என்பதால் 37-ஐ 256-ஆல் பெருக்கி 128-ஐக் கூட்டினால் 9600. ஒரு அலகுக்கு 0.125 சுழற்சி. ஆக நிமிடத்துக்கு 1200 சுழற்சி. அடுத்து தண்ணீர்ச் சூடு: 65262-ம் தொகுப்பின் முதல் பைட், அதிலிருந்து 40 கழித்தால் செல்சியஸ். 130 என்று வந்தால் 90 டிகிரி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சென்சார் இல்லை அல்லது மதிப்பு தயாராக இல்லை என்றால் அந்த பைட்டில் 255 வரும். சென்சார் பழுது என்றால் 254. இதைச் சோதிக்காமல் நேராகக் கணக்குப் போட்டால் தண்ணீர்ச் சூடு 215 டிகிரி என்று காட்டும். சாவி போட்டவுடன் முதல் சில நொடிகளில் இது சாதாரணமாக வரக்கூடியது. தினமும் காலையில் பொய் அலாரம் அடிக்கும் பெட்டியின் ஒலிபெருக்கி வயரை டிரைவர் பிடுங்கிவிடுவார். நிஜமான அலாரம் வரும் நாளில் அது பேசாது.

நூறில் ஒன்றுகூட அனுப்ப வேண்டியதில்லை

250 கிலோபிட் பஸ் நாற்பது சதவீதம் நிரம்பி ஓடினால் நொடிக்கு 12.5 கிலோபைட். மணிக்கு 45 மெகாபைட். பத்து மணி நேர ஓட்டத்துக்கு 450 மெகாபைட். நூறு வண்டிகளுக்கு ஒரு நாளில் 45 ஜிகாபைட். அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டு அங்கே பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது, எஞ்சின் 1200-ல் ஓடுகிறது என்ற ஒரே சேதியை நொடிக்குப் பல முறை காசு கொடுத்து அனுப்புவதாகத்தான் முடியும்.

பெட்டிக்குள் இப்படிச் சுருக்குங்கள். பத்து நொடிக்கு ஒரு பதிவு: இடம், வேகம், சுழற்சி, தண்ணீர்ச் சூடு, டீசல் மட்டம், அந்தப் பத்து நொடியில் ஒவ்வொன்றின் குறைந்த மதிப்பும் அதிக மதிப்பும். சராசரியை மட்டும் வைத்தால் ஒரு நொடி எகிறிய சுழற்சி மறைந்துபோகும். அதனால்தான் குறைந்ததும் அதிகமும். பதிவுக்கு நூறு பைட் என்று வைத்தாலும் மணிக்கு 36 கிலோபைட். பத்து மணி நேர நாளுக்கு அரை மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். அசாதாரணமாக ஏதாவது நடந்தால் மட்டும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள முப்பது நொடியின் மூலத் தரவை முழுசாக எடுத்து வையுங்கள். கடைசிச் சில நிமிடங்களின் மூலத் தரவு நினைவகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் இது எளிது.

கேமரா இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நொடிக்கு 2 மெகாபிட் வீடியோ மணிக்கு 900 மெகாபைட். பிரேக் சட்டென்று அழுத்திய இடத்தின் இருபது நொடித் துண்டு 5 மெகாபைட்தான். அதை 4ஜியில் அனுப்பலாம். மற்றது பெட்டியின் வட்டில் சுழன்று அழியட்டும். வேண்டுமென்றால் செட்டுக்கு (வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு) வந்ததும் வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம். வண்டிக்கும் கிளவுடுக்கும் நடுவே உங்களுக்கு வேண்டிய இடைத்தட்டு பெரும்பாலும் இந்தச் செட்டு வைஃபைதான். டவரிலேயே சர்வர் வைக்கும் முறைக்கு 2014 முதல் இட்சி (ETSI) என்ற ஐரோப்பியத் தொலைத்தொடர்பு அமைப்பு தரநிலைகள் எழுதிவருகிறது. வண்டியும் வண்டியும் பேசிக்கொள்ளும் சாலைகளில் அதற்கு வேலை இருக்கிறது. டவரே எட்டாத மலைச் சாலையில் லாரி ஓட்டுபவருக்கு இன்றைக்கு அதனால் பயனில்லை.

சேமித்து வைத்து அனுப்புவது

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகக் கட்ட வேண்டும்.

பெட்டியின் மென்பொருளை நான்கு தனித்தனி நிரல்களாகப் பிரியுங்கள்: கேன் படிப்பது, விதிகளைச் சோதிப்பது, சேமிப்பது, அனுப்புவது. அனுப்பும் நிரல் செத்துப்போனாலும் விதி நிரல் ஓட வேண்டும். நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் ஒரே ஒரு வரி விதி நிரலுக்குள் இருந்தால்கூட, திம்பத்தில் அந்த வரியில் எல்லாம் நின்றுவிடும்.

சேமிக்க எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும்படி வையுங்கள்; பத்து நொடிப் பதிவுகளைச் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் ஃபிளாஷ் நினைவகம் நீடித்து உழைக்கும். ஆனால் அலாரப் பதிவை மட்டும் உடனே எழுதுங்கள். லாரியில் கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது. பேட்டரி சுவிட்சை டிரைவர் இறங்கும்போது அணைப்பார், செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் சரியும். பெட்டியில் சூப்பர் கெப்பாசிட்டரோ சின்ன பேட்டரியோ இருந்து, கரண்ட் போனதும் எழுதி முடித்து மூட சில நொடி அவகாசம் தர வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்? பயணிகள் போக்குவரத்து வாகனங்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த, இருப்பிடம் காட்டும் கருவிகளுக்கான ஏஐஎஸ்-140 தரநிலை, குறைந்தது 40,000 இருப்பிடப் பதிவுகளைத் தாங்கும் நினைவகம் கேட்கிறது. பத்து நொடிக்கு ஒன்று என்றால் அது இரவு பகலாக நாலரை நாள் ஓட்டம். நல்ல அளவுகோல். நான் அதைப்போலப் பல மடங்கு வைப்பேன். நினைவகம் மலிவு, சர்வீஸுக்கு வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது மலிவில்லை. இடம் தீர்ந்தால் எதை அழிப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பழைய இருப்பிடங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை அழிக்கலாம். அலாரங்களைத் தொடக் கூடாது.

அனுப்ப எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை. ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கியது. விலை கூடின, அறுந்து அறுந்து வரும் இணைப்புக்காகவே பிறந்தது என்பதால் லாரிக்குப் பொருந்துகிறது. 'குறைந்தது ஒரு முறையாவது சேரும்' என்ற 1-ம் நிலை (QoS 1) உத்தரவாதத்தில் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வந்த பிறகுதான் பெட்டியில் அந்தப் பதிவை அனுப்பியதாகக் குறிக்க வேண்டும். இதனால் சில பதிவுகள் இரண்டு முறை போய்ச் சேரும். அதற்கு மருந்து: ஒவ்வொரு பதிவுக்கும் வண்டி எண், பெட்டி எத்தனையாவது முறை துவங்கியது என்ற எண், வரிசை எண் மூன்றும் சேர்ந்த சாவி. கிளவுடில் அந்தச் சாவி ஏற்கெனவே இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

சிக்னல் திரும்பியதும் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஒரு மணி நேரப் பதிவுகள் வரிசையில் நிற்கின்றன. பழையதிலிருந்து அனுப்பினால், ஓனர் திரையில் வண்டி பண்ணாரியிலேயே நிற்பதாகக் காட்டிவிட்டு மெதுவாக மலை ஏறும். அதனால் இரண்டு வழி வையுங்கள்: இப்போதைய நிலைக்கு ஒரு தலைப்பு (எம்க்யூடிடியில் செய்தி போகும் தடம்), பாக்கிக்கு வேறு தலைப்பு. அலாரமும் இப்போதைய இடமும் முதலில் போகட்டும், பாக்கி பின்னால் நிதானமாக வரட்டும். டவர் பழுதாகித் திரும்பும்போது, அங்கே நின்ற அத்தனை வண்டிகளும் ஒரே நொடியில் சர்வர் கதவைத் தட்டும். ஒவ்வொரு பெட்டியும் தற்செயலான சில நொடிகள் காத்திருந்து, தோற்றால் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, மறுபடி முயல வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரம் இருக்க வேண்டும்: செயற்கைக்கோளிலிருந்து பெட்டி எடுத்த நிகழ்ந்த நேரம், சர்வர் போடும் வந்து சேர்ந்த நேரம். மைலேஜ், ஓய்வு நேரம் எல்லாம் நிகழ்ந்த நேரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தை இணைப்பின் தரம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 'தகவல் வரவில்லை' என்பதையும் 'வண்டி நிற்கிறது' என்பதையும் திரையில் ஒன்றாகக் காட்டாதீர்கள். எம்க்யூடிடியில் இணைப்பை உயிரோடு வைக்கும் இடைவெளியை 60 நொடி என்று வைத்தால், ஒன்றரை மடங்கான 90 நொடி வரை சத்தமில்லை என்றதும் சர்வர் இணைப்பு அறுந்ததாக முடிவு செய்து, நீங்கள் முன்பே கொடுத்து வைத்த கடைசிச் செய்தியை வெளியிடும். அதை எடுத்து, 'கடைசியாகத் தெரிந்த இடம், இத்தனை மணிக்கு' என்று சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். நிற்கிறது என்று சிவப்பில் காட்டினால் ஓனர் பதறி டிரைவருக்கு போன் அடிப்பார். சிக்னல் சற்றுத் தலைகாட்டும் ஏதோ ஒரு வளைவில், ஸ்டீயரிங்கை இரு கையாலும் ஒடித்துக்கொண்டிருக்கும் மனிதரின் சட்டைப்பையில் அந்த போன் மணி அடிக்கும்.

விதி எழுதுவது

தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு விதி எழுதுவோம். 102 டிகிரி தாண்டினால் அலாரம் என்று எழுதினால் 101-க்கும் 103-க்கும் நடுவே ஊசலாடும்போது கத்திக்கொண்டே இருக்கும். இருபது நொடி தொடர்ந்து 102-க்கு மேல் இருந்தால் துவங்கு, 97-க்குக் கீழே வந்தால் நிறுத்து என்று இடைவெளி விடுங்கள். கூடவே, ஏறும் வேகத்தையும் பாருங்கள். 95-தான் ஆனாலும் நிமிடத்துக்கு ஐந்து டிகிரி ஏறினால் முன்கூட்டியே சொல்லலாம். இந்த எண்கள் உதாரணத்துக்கு. சரியான வரம்பை அந்த எஞ்சினின் கையேட்டிலிருந்து எடுங்கள். வரம்புகளை நிரலுக்குள் எழுதாமல் தனி ஜேசான் கோப்பில் வைத்து, அதற்கு ஒரு பதிப்பு எண் கொடுங்கள். எந்தப் பதிப்பு விதியால் அலாரம் வந்தது என்பது ஒவ்வொரு அலாரத்தோடும் போக வேண்டும்.

அலாரம் முதலில் யாருக்கு? டிரைவருக்கு. ஓனருக்கு அப்புறம். டிரைவருக்கு ஒரு நிமிட அவகாசம் கொடுத்து, அவர் கவனித்தாரா என்று பார்த்த பிறகு மேலே அனுப்பும் அலாரங்கள் பல இருக்கலாம். வண்டியைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் அந்த இருக்கையில் இருக்கிறார். அவர் பேசும் மொழியில், பதிவு செய்த மனிதக் குரலில், பெட்டியிலேயே இருக்கும் ஒலிக் கோப்பாகச் சொல்லுங்கள். தமிழ், கன்னடம், இந்தி மூன்றும் வேண்டியிருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பட்டறை மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள். 'கூலன்ட் வெப்பநிலை மிகை' என்றெல்லாம் வேண்டாம். 'தண்ணி சூடாகுது, இடம் பார்த்து ஓரம் கட்டுங்க' போதும்.

மேலே, கிளவுடில்

இதில் புதுமை ஒன்றும் வேண்டாம். செய்திகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் எம்க்யூடிடி புரோக்கர் ஒன்று; சில நூறு வண்டிகள் வரை மஸ்கீட்டோ என்ற மென்பொருளே தாங்கும். அதிலிருந்து படித்து எழுதும் ஒரு நிரல். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதன் மேல் இருப்பிடத்துக்கு போஸ்ட்ஜிஐஎஸ், நேரத்தொடருக்கு டைம்ஸ்கேல். பழைய தரவு மலிவான கோப்புக் கிடங்குக்கு. வண்டிகள் ஆயிரக்கணக்கில் போகும்போது நடுவே செய்திகளை வரிசையில் தாங்கும் காஃப்கா வரலாம். ஐம்பது லாரிக்கு அதை வைத்தால் அதைப் பராமரிக்கத் தனி ஆள் தேவைப்படும். சர்வரை இந்தியாவுக்குள்ளேயே வையுங்கள். மும்பை, ஹைதராபாத், சென்னை என்று பெரிய நிறுவனங்களின் மையங்கள் இருக்கின்றன.

ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பெட்டியில் எழுதும் சர்வர் முகவரி உங்கள் சொந்த டொமைன் பெயராக இருக்க வேண்டும்; பேசும் மொழி சாதாரண எம்க்யூடிடியாக இருக்க வேண்டும். கருவிகளைக் கிளவுடோடு இணைக்கும் தன் ஐஓடி கோர் சேவையை கூகுள் 2023 ஆகஸ்டில் மூடியது. ஓராண்டு அவகாசம் கொடுத்துத்தான் மூடினார்கள். ஆனால் ஊர் ஊராக ஓடும் வண்டிகளில் அந்த முகவரி பதிந்திருந்தால் ஓராண்டு பெரிய அவகாசமில்லை. சொந்தப் பெயர் இருந்தால் டிஎன்எஸ்-ஐ (எந்தப் பெயர் எந்தச் சர்வர் என்று சொல்லும் பட்டியலை) திருப்பிவிட்டு இடம் மாறலாம்.

பாதுகாப்பும் புதுப்பிப்பும்

2015-ல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றை வீட்டிலிருந்தே கைப்பற்றிக் காட்டினார்கள். பாட்டு, வழிகாட்டிக்கான பெட்டியில் செல்போன் நெட்வொர்க் பக்கம் ஒரு போர்ட் திறந்திருந்தது. அதன் வழியே புகுந்து, கேன் பஸ்ஸோடு பேசும் சிப்பின் மென்பொருளையே மாற்றி, கட்டளைகளை அனுப்பினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. மேலே 'அனுப்பும் காலை இணைக்காதீர்கள்' என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். மென்பொருளில் பூட்டியதை மென்பொருளால் திறக்கலாம். இல்லாத வயரைத் திறக்க முடியாது. பெட்டியில் வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கும் போர்ட் எதுவும் இருக்கக் கூடாது. எப்போதும் பெட்டிதான் வெளியே கூப்பிட வேண்டும். சிம்முக்குத் தனி ஏபிஎன் (உங்கள் வண்டிகளுக்கு மட்டுமான நெட்வொர்க் வாசல்) கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

ஓனர்கள் கட்டாயம் கேட்பார்கள்: "ஆபீஸ்ல இருந்தே எஞ்சின் ஆஃப் பண்ற வசதி வைங்க." என் பதில் இல்லை என்பதுதான். தவணை கட்டாத வண்டியை நிறுத்த வேண்டும் என்றாலும் சரி, ஓடும் எஞ்சினை தூரத்திலிருந்து அணைக்கும் வசதி இறக்கத்தில் ஒரு முறை தவறாக இயங்கினால் போதும். தவிர்க்கவே முடியாது என்றால், அணைந்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது வரைதான். அதையும், வேகம் பூஜ்யமா, சாவி அணைந்திருக்கிறதா என்று பெட்டியே சோதித்த பிறகுதான் ஏற்க வேண்டும். கிளவுட் சொன்னாலும் மறுக்கும் உரிமை பெட்டிக்கு இருக்க வேண்டும்.

தான் யார் என்று சர்வரிடம் நிரூபிக்க ஒவ்வொரு பெட்டிக்கும் தனி டிஜிட்டல் சான்றிதழ், ரகசியச் சாவி பாதுகாப்பு சிப்புக்குள். எல்லா வண்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால் ஒரு பெட்டி திருடுபோனால் எல்லாம் போயிற்று. பெட்டி நம்பும் மூலச் சான்றிதழ்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழ் வைத்திருந்த தளங்களோடு பேச முடியாமல் உலகம் முழுக்கப் பழைய கருவிகள் திணறின. அந்தப் பட்டியலைத் தூரத்திலிருந்தே புதுப்பிக்கும் வழி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

மென்பொருள் புதுப்பிப்புக்கு இரண்டு அறை முறை: ஓடும் பதிப்பு ஒரு பகுதியில், புதியது மற்றொன்றில். புதியது துவங்கி, கேன் படிக்கிறதா, சர்வரோடு பேசுகிறதா என்று தானே சோதித்து, சரியில்லை என்றால் பழையதற்கே திரும்ப வேண்டும். ரவுக், மெண்டர், எஸ்டபிள்யூஅப்டேட் என்று திறந்த மூல மென்பொருட்கள் இதற்கென்றே இருக்கின்றன. நீங்களாக எழுத வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்திட்ட கோப்பை மட்டும் ஏற்க வேண்டும். வண்டி ஓடும்போதும், பேட்டரி 24 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்போதும் புதுப்பிக்கக் கூடாது. முதலில் தினமும் இரவு செட்டுக்குத் திரும்பும் ஒரு வண்டி, ஒரு வாரம் கழித்துச் சில வண்டிகள், அதன் பிறகு மற்றவை. நாக்பூர் தாண்டிப் போயிருக்கும் வண்டியைக் கடைசியில் வையுங்கள்.

டிரைவர் பற்றிய தரவிலும் ஒரு எல்லை வேண்டும். வண்டியின் இடம் என்பது அதை ஓட்டுபவரின் இடமும்தான். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அது தனிநபர் தரவு. எதைப் பதிவு செய்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று அவர் மொழியில் எழுதிக் கொடுங்கள். கேபினுக்குள் பார்க்கும் கேமரா, டிரைவர் படுத்துத் தூங்கும் நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். அந்த விதியைப் பெட்டியிலேயே வையுங்கள். ஆபீஸிலிருந்து மாற்ற முடியாதபடி.

சோதிப்பது

மேஜையில் துவங்குங்கள். லினக்ஸில் மெய்நிகர் கேன் இணைப்பு ஒன்றை உருவாக்கி, நிஜ வண்டியில் பதிவு செய்த தரவை கேன்பிளேயரில் ஓட விடலாம். நெட்எம் கருவியால் நெட்வொர்க் தாமதத்தையும் இழப்பையும் கூட்டுங்கள். அப்புறம் முரட்டுத்தனமாகச் செய்யுங்கள்: எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட்டைப் பிடுங்குங்கள், சிம்மை உருவுங்கள், கடிகாரத்தை 1970-க்குத் திருப்புங்கள், வட்டை நிரப்பிவிடுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பதிவு ஒன்றாவது தொலைந்ததா, விதி ஒரு நொடியாவது நின்றதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் மலை. லோடு ஏற்றிய வண்டியில், ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை. வெறும் வண்டியில் ஏறினால் சூடும் ஏறாது, பஸ்ஸில் வரும் எண்களும் வேறு மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்காதீர்கள், டிரைவர் முகத்தைப் பாருங்கள். எந்த அலாரத்துக்கு அவர் எரிச்சலாகிறார், எதற்குக் கை கியருக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எரிச்சல் மூட்டியவற்றில் பாதியை நீக்கிவிட்டு இன்னொரு முறை ஏறுங்கள்.

கடைசியாக, பெட்டியைப் பொருத்தும் எலக்ட்ரீஷியனுக்கு ஒரே பக்கத்தில் படம் போட்ட தாள் ஒன்று. எந்த வயர் எங்கே, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், 60 ஓம் எங்கே அளப்பது, விளக்கு எந்த நிறத்தில் எரிந்தால் வேலை முடிந்தது என்று அதில் இருக்கட்டும். லேமினேட் செய்து, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.